போச்டு எக் வீட்லயே பண்றது எப்படி: டவரா, வடிகட்டி, இட்லி தட்டு, கடைசியா குழம்பு சட்டி

போச்டு எக்னா பெருசா ஒண்ணும் இல்லீங்க, முட்டைய ஓட்டோட அவிக்காம உடைச்சு நேரா சுடுதண்ணியில விட்டு வேக வைக்கிறது, எண்ணெய் கெடையாது, கல்லு கெடையாது. வெள்ளைக்கரு மெத்துனு சுத்தி மூடியிருக்கணும், ஸ்பூனால கீறுனா உள்ளேருந்து மஞ்சக்கரு ஒழுகணும், அவ்ளோதான் கணக்கு. வீடியோல பாத்தா தண்ணிய ஒரு சுத்து சுத்தி நடுவுல முட்டைய விடுவாங்க, அது திரண்டு அழகா மேல வரும். அதையே நம்ம வீட்டு அடுப்புல பண்ணுனா பாதி வெள்ளை தண்ணியில கரைஞ்சு நுரை பொங்கி ஸ்டவ்வு மேல வழியும், மஞ்சக்கரு மட்டும் அனாதையா அடியில போய் ஒட்டிக்கும், உடனே இது நமக்கு ஆவாதுன்னு எல்லாரும் ஹாஃப் பாயிலுக்கே திரும்பி போயிடுவாங்க.

ஆனா இதுல கை வித்தை ரொம்ப கம்மி. ரெண்டே விஷயம்தான் கெடுக்குது, ஒண்ணு பழைய முட்டை, இன்னொண்ணு தளதளன்னு கொதிக்கிற தண்ணி. இந்த ரெண்டையும் சரி பண்ணிட்டா எந்த முறையில பண்ணாலும் வரும், இந்த ரெண்டையும் விட்டுட்டு எவ்வளவு சுத்துனாலும் வராது. இன்னொண்ணு சொல்றேன், தஞ்சாவூர் கும்பகோணம் மாயவரம் பக்கம் முட்டைய உடைச்சு ஊத்தி குழம்பு வைக்கிறது இருக்கே, அந்தக் குழம்பு ஒழுங்கா வைக்கத் தெரிஞ்சவங்களுக்கு இதுல முக்கால்வாசி ஏற்கனவே தெரியும், அது ஏன்னு கீழ வர்றேன்.

முட்டைல ஆரம்பிப்போம்

முட்டைய ஒரு தட்டுல உடைச்சு பாருங்க. மஞ்சக்கருவ சுத்தி கொஞ்சம் கெட்டியா, எழும்பி நிக்கிற ஒரு வெள்ளை இருக்கும், அதுக்கு வெளியில தண்ணியா ஓடுற ஒரு வெள்ளை இருக்கும். புது முட்டைல கெட்டி வெள்ளை அதிகம், தண்ணி வெள்ளை கம்மி. நாளாக ஆக ஓட்டுல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியா உள்ள இருக்கிற கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிட்டே இருக்கும், வெள்ளைக்கருவோட காரத்தன்மை கூடும், கெட்டி வெள்ளை இளகி தண்ணியாயிடும், மஞ்சக்கருவ மூடியிருக்கிற சவ்வும் பலம் கொறைஞ்சுடும். அந்த தண்ணி வெள்ளைதான் சுடுதண்ணியில விட்டதும் நூல் நூலா பிரிஞ்சு போறது. அதனால போச்டு எக்குக்கு எவ்வளவு புது முட்டையோ அவ்வளவு நல்லது. அவிச்சு ஓடு உரிக்கிறதுக்கு தான் கொஞ்சம் நாள் பட்ட முட்டை வசதி, இது அதுக்கு நேர் எதிர்.

நம்ம பக்கம் கடையில கெடைக்கிற வெள்ளை முட்டை பெரும்பாலும் நாமக்கல்லேருந்து வண்டியில வர்றது, 30 முட்டை அட்டைல அடுக்கி வரும், பண்ணைலேருந்து மொத்த வியாபாரி, அங்கேருந்து நம்ம தெரு கடைன்னு அது கை மாறி வர்றதுக்குள்ள சில நாள் ஓடிடும், அப்பறம் கடை வாசல்ல வெயில் படுற எடத்துல அட்டைய வச்சிருப்பாங்க. சித்திரை வைகாசி வெயில்ல வெளிய இருக்கிற முட்டை ஃப்ரிட்ஜுல இருக்கிறத விட பல மடங்கு வேகமா கிழடு தட்டிடும். புரட்டாசி மாசம் இன்னும் மோசம், பாதி ஜனம் கவுச்சி தொட மாட்டாங்க, கடையில அட்டை நகரவே நகராது, அப்ப வாங்குற முட்டைய நம்பி போச்டு எக் ட்ரை பண்ணாதீங்க, ஆம்லெட் போட்டுக்கங்க. எப்பயுமே கூட்டம் உள்ள கடையா பாத்து வாங்குங்க, சரக்கு ஓடுற எடத்துலதான் புது முட்டை இருக்கும்.

புதுசா பழசான்னு பாக்க ஒரு ஆழமான சொம்புல பச்சத்தண்ணி எடுத்து முட்டைய மெல்ல விடுங்க. அடியில படுத்துக்கிச்சுன்னா புதுசு, போச்டு எக்குக்கு அதான் வேணும். ஒரு பக்கம் தூக்கி நட்டுக்க நின்னுச்சுன்னா நாள் பட்டது, திங்கலாம் ஆனா இதுக்கு லாயக்கு இல்ல, அவிச்சுக்கங்க. மெதந்துச்சுன்னா யோசிக்காம தூக்கி போட்டுடுங்க.

நாட்டுக்கோழி முட்டை வீட்லயே இடுறதா இருந்தா நீங்க குடுத்து வச்சவங்க, காலைல எடுத்த முட்டைய அன்னைக்கே உடைச்சு விட்டா வினிகரும் வேணாம் வடிகட்டியும் வேணாம், தானா கூடி நிக்கும். ஆனா அது சைஸ் சின்னது, பண்ணை முட்டைய விட அரை நிமிஷம் முன்னாடியே எடுத்துடணும். சம்பா அறுவடை முடிஞ்சு தை மாசி பக்கம் திருவாரூர் நாகை பக்கம் வயல்ல வாத்து மேய்க்கிறவங்க வந்து எறங்குவாங்க இல்ல, அவங்ககிட்டயே வாத்து முட்டை வாங்கலாம். வாத்து முட்டைல மஞ்சக்கரு பெருசு, நல்ல கொழுப்பு, ருசி அப்படி இருக்கும், ஆனா சேத்துலயும் தண்ணியிலயும் கெடந்து வர்ற முட்டைங்கறதால ஓட்ட நல்லா கழுவிட்டு உடைங்க, அதை ஒழுகுற பதத்துல சாப்பிடாதீங்க, உள்ள வரைக்கும் வேக விடுங்க, ஏழு எட்டு நிமிஷம் ஆகும்.

இங்கயே ஒரு விஷயத்த சொல்லிடறேன், மஞ்சக்கரு ஒழுகுற முட்டை எல்லாருக்கும் கெடையாது. மாசமா இருக்கிறவங்க, சின்ன கொழந்தைங்க, வயசானவங்க, உடம்பு முடியாம மருந்துல இருக்கிறவங்க, இவங்களுக்கெல்லாம் மஞ்சக்கரு முழுசா கெட்டியாகுற வரைக்கும் வேக வச்சுத்தான் குடுக்கணும், சால்மோனெல்லா கிருமி பயம் இருக்கு. அது உசுரோட இல்லாம போக முட்டை உள்ளுக்குள்ள 71 டிகிரி வரைக்கும் சூடாகணும், ஒழுகுற மஞ்சக்கரு அந்த சூட்டுக்கு போயிருக்காது.

தண்ணி பதம்

வெள்ளைக்கரு ஏறக்கொறைய 62 டிகிரில இறுக ஆரம்பிச்சு 80 டிகிரில முழுசா கெட்டியாகும், மஞ்சக்கரு 65ல தடிச்சு 70 டிகிரி பக்கம் போனா ஒழுகாம கெட்டியாயிடும். தண்ணி கொதிக்கிறது 100 டிகிரி. அப்ப முட்டைய வேக வைக்க கொதி தேவையே இல்ல, 85 டிகிரி பக்கம் இருந்தா போதும். கொதிக்கிற தண்ணியோட பிரச்சனை அதோட சூடு கூட இல்லீங்க, அதோட ஆட்டம்தான், அடியிலேருந்து மேல புரண்டு புரண்டு வர்ற தண்ணி, இறுகாத வெள்ளைய பிச்சு எறிஞ்சுடும்.

தெர்மாமீட்டர் யாரும் வச்சிருக்க மாட்டோம், கண்ணாலயே பாத்துக்கலாம். தண்ணிய மொதல்ல நல்லா கொதிக்க விட்டு அப்பறம் அடுப்ப சிம்ல வைங்க. பொங்கறது அடங்கி, பாத்திரத்தோட அடியில மட்டும் குமிழி சின்ன சின்ன முத்தா ஒட்டிக்கிட்டு இருக்கும், எப்பயாவது ஒண்ணு ரெண்டு மேல வரும், மேல்பரப்பு லேசா நடுங்கும் ஆனா புரளாது, ஆவி நல்லா வரும். அதான் பதம். சிம்ல வச்சும் கொதி அடங்கலன்னா சின்ன பர்னருக்கு மாத்துங்க.

வினிகர் போடலாமா வேணாமான்னு பெரிய சண்டையே நடக்கும். புளிப்பு எதுவா இருந்தாலும் வெள்ளைக்கரு சீக்கிரம் இறுகும், அதுக்குத்தான் வினிகர். 1 லிட்டர் தண்ணிக்கு 1 டேபிள்ஸ்பூன், அதுக்கு மேல வேணாம், கூடுனா முட்டை மேல சொரசொரன்னு ஆயிடும் வாசனையும் ஏறிடும். வினிகர் இல்லன்னா அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கங்க. உப்ப தண்ணியில போட வேணாம், சாப்பிடறப்ப மேல தூவிக்கலாம். அப்பறம் புளிப்பு சேக்குறதால அலுமினிய பாத்திரத்துல பண்ணாதீங்க, எவர்சில்வர் போதும். நல்ல புது முட்டையும் கையில வடிகட்டியும் இருந்தா வினிகரே எனக்கு தேவைப்படறதில்ல, கடை முட்டைக்கு மட்டும் போடுவேன்.

வடிகட்டி முறை, புதுசா பண்றவங்க இதுலேருந்து ஆரம்பிங்க

ஜூஸ் வடிகட்டற எவர்சில்வர் வலை வடிகட்டி இருக்கும் பாருங்க, குழியா, அதுதான் வேணும். வீட்டு டீ வடிகட்டிய எடுத்தீங்கன்னா திட்டு வாங்குவீங்க, அது நியாயமும் கூட, மறுநாள் டீல கவுச்சி அடிக்கும், அதனால முட்டைக்குன்னு தனியா ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க. நம்ம ஊர்ல பல வீட்ல முட்டைக்கு சட்டியே தனியா இருக்கு, அதோட இதையும் சேத்து வச்சுட்டா வம்பே இல்ல.

அகலமான பாத்திரத்துல நாலு வெரக்கடை ஒசரத்துக்கு தண்ணி வச்சு மேல சொன்ன பதத்துக்கு கொண்டு வாங்க. அது ஆகுறதுக்குள்ள முட்டைய ஒரு காபி டவரால உடைச்சு ஊத்துங்க. டவரா இதுக்குன்னே செஞ்ச கணக்கா இருக்கும், வாய் அகலம், ஒசரம் கம்மி, விளிம்பு வெளிய வளைஞ்சிருக்கும், அதனால ஊத்துறப்ப முட்டை வழுக்கிட்டு எறங்கும். முட்டைய டவரா விளிம்புல தட்டாதீங்க, மேடை மேல சமமான எடத்துல ஒரு தட்டு தட்டி உடைங்க, விளிம்புல தட்டுனா ஓட்டு சில்லு உள்ள குத்தி மஞ்சக்கரு சவ்வு கிழியும். டவரால உடைச்சு பாக்கறதுல இன்னொரு லாபம், முட்டை கெட்டிருந்தாலோ மஞ்சக்கரு உடைஞ்சு போயிருந்தாலோ அங்கயே தெரிஞ்சுடும், பாத்திரத் தண்ணி வீணாகாது.

இப்ப டவரால இருக்கிறத வடிகட்டில சாய்ச்சு ஊத்துங்க, ஒரு பத்து பதினஞ்சு செகண்ட் லேசா ஆட்டுங்க. வலைக்கு கீழ ஒரு ஸ்பூன் அளவுக்கு தண்ணி வெள்ளை வழிஞ்சு சொட்டும், கடைசி சொட்டு கயிறா நீண்டு தொங்கும், அத விளிம்புல தொடச்சு விட்டுடுங்க. வடிகட்டில இப்ப மிச்சம் இருக்கிறது மஞ்சக்கருவும் அத புடிச்சிக்கிட்டு இருக்கிற கெட்டி வெள்ளையும்தான். நாலு அஞ்சு ஸ்பூனுக்கு மேல வழிஞ்சுச்சுன்னா முட்டை பழசுன்னு அர்த்தம்.

அப்பறம் வடிகட்டியோட அப்படியே தண்ணி மேல கொண்டு போயி, விளிம்பு தண்ணிய தொடுற அளவுக்கு தாழ்த்தி, மெல்ல கவுத்து முட்டைய நழுவ விடுங்க. ஒசரத்துலேருந்து போடாதீங்க, போட்டா அடியில போய் மோதி பரவிடும். விட்டதும் கரண்டிய எடுத்து நோண்டக் கூடாது, ஒரு நிமிஷம் கைய கட்டிக்கிட்டு நில்லுங்க. அதுக்கப்பறம் ஜல்லிக்கரண்டிய அடியில விட்டு லேசா ஒரு தள்ளு தள்ளுங்க, ஒட்டியிருந்தா விட்டுடும். மூணு நிமிஷத்துல வெள்ளை வெந்திருக்கும் மஞ்சள் தண்ணியா ஓடும், நாலு நிமிஷத்துல மஞ்சள் தேன் பதம், அஞ்சுக்கு மேல போனா நடுவுல மட்டும் ஈரம் இருக்கும். இது வெளிய வச்ச முட்டைக்கு, ஃப்ரிட்ஜுலேருந்து நேரா எடுத்தா அரை நிமிஷம் கூட்டிக்கங்க. மனசுக்குள்ள எண்ணாதீங்க, ஃபோன்ல டைமர் வைங்க.

வெந்துச்சான்னு பாக்க ஜல்லிக்கரண்டில தூக்கி வெரலால மேல லேசா அமுக்குங்க. சுத்தி வெள்ளை கெட்டியா இருக்கணும், நடுவுல மட்டும் தொளதொளன்னு அசையணும். வெள்ளையே வழவழன்னு இருந்தா திரும்ப உள்ள விட்டு அரை நிமிஷம். எடுத்ததும் ஒரு சுத்தமான துணி மேல கரண்டியோட வச்சு தண்ணிய ஒத்தி எடுங்க, இத நெறைய பேர் விட்டுடுவாங்க, அப்பறம் தட்டுல தண்ணி தேங்கி ரொட்டி ஊறிப் போச்சுன்னு பொலம்புவாங்க. ஓரத்துல வால் வாலா தொங்குனா கத்திரிக்கோலால நறுக்கி விடுங்க, ஓட்டல்ல வர்ற அழகெல்லாம் பாதி அப்படித்தான்.

சுழல் முறை, அதான் வீடியோல வர்ற அந்த சுத்துற முறை, ஒத்த முட்டைக்கு மட்டும்தான். தண்ணிய கரண்டியால ஒரு பக்கமா சுத்தி விட்டு நடுவுல விழற குழியில முட்டைய விட்டா சுத்துற தண்ணி வெள்ளைய மஞ்சக்கரு மேல சுருட்டி விடும். பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா வீட்ல நாலு பேர் இருந்தா நாலு தடவ சுத்தணும், கடைசி ஆளுக்கு வர்றதுக்குள்ள மொத ஆளு சாப்புட்டு கை கழுவியிருப்பாரு. வடிகட்டி வந்தப்பறம் எனக்கு இதுல பெரிய மரியாதை இல்ல.

நாலு முட்டை ஒரே நேரத்துல வேணும்னா

அகலமான வாணலி, இல்ல நான்ஸ்டிக் ஃப்ரை பேன், கண்டிப்பா மூடி இருக்கணும். ரெண்டு வெரக்கடை தண்ணி, ஒரு ஸ்பூன் வினிகர், நல்லா கொதிக்க விடுங்க. நாலு முட்டையும் முன்கூட்டியே நாலு டவரால உடைச்சு ரெடியா இருக்கணும். அடுப்ப அணைச்சுட்டு, கொதி அடங்குனதும் நாலையும் நாலு மூலையில வரிசையா நழுவ விட்டுட்டு மூடி போட்டு மூடிடுங்க. அடுப்பே எரியாது, அந்த சூட்டுலயே நாலரை அஞ்சு நிமிஷத்துல வெந்துடும். தண்ணி ஆடறதே இல்லங்கறதால பிச்சுக்கவும் பிச்சுக்காது. மொதல்ல விட்டத மொதல்ல எடுக்கணும், அது மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. பாத்திரம் மெல்லிசா இருந்தா சூடு நிக்காது, கனமான அடி உள்ளதா பாருங்க.

கையில நடுக்கம் இருக்கு, தண்ணியில முட்டைய விடவே பயமா இருக்குன்னு சொல்றவங்களுக்கு குழம்புக் கரண்டி முறை. பெரிய குழிக்கரண்டில உள்பக்கம் நல்லெண்ணெய் தடவி முட்டைய அதுலயே உடைச்சு, கரண்டியோட அடி மட்டும் சுடுதண்ணியில படுற மாதிரி அரை நிமிஷம் புடிச்சுக்கங்க, ஓரம் வெள்ளையா மாறுனதும் மெதுவா சாய்ச்சு சுடுதண்ணி உள்ள வர்ற மாதிரி முழுசா முக்குங்க. முட்டை கரண்டி வடிவத்துல உக்காந்துக்கும், கலையவே கலையாது. கை வலிக்கும், ஒரு முட்டைக்கு மேல பொறுமை இருக்காது, ஆனா மொத தடவ பண்றவங்களுக்கு தைரியம் வரும்.

இட்லி தட்டு பத்தி நெறைய பேரு கேப்பாங்க. குழில எண்ணெய் தடவி ஒரு குழிக்கு ஒரு முட்டை உடைச்சு ஊத்தி, தண்ணி கொதிச்சு ஆவி வந்தப்பறம் உள்ள வச்சு மூடுனா அஞ்சு நிமிஷத்துல வெந்துடும். கணக்குப்படி இது ஆவியில வேகறது, தண்ணியில இல்ல, அதனால கீழ தட்டையா மேல கொஞ்சம் ரப்பரா இருக்கும், போச்டு எக்கோட அந்த மெத்து வராது. ஆனா வினிகர் வேணாம், பழைய முட்டைக்கும் சரியா வரும், எட்டு பத்து முட்டை ஒரே ஈடுல எடுத்துடலாம், மஞ்சக்கரு முழுசா கெட்டியாகுற வரைக்கும் விட்டா பசங்களுக்கு ஸ்கூல் டப்பால வைக்க இதான் வசதி. தட்டுல ஓட்டை இருந்தா வெள்ளை ஒழுகிடும், அப்ப வாழை இலைய அனல்ல காட்டி வாட்டி துண்டா கிழிச்சு குழில போட்டு அது மேல ஊத்துங்க, ஒட்டாம கழண்டு வரும், இலை வாசனையும் லேசா ஏறும். மிளகு சீரகம் தட்டி மேல தூவுங்க. கடையில விக்கிற எக் போச்சர் பாத்திரம்கூட உள்ளுக்குள்ள இதே வேலையத்தான் பண்ணுது, இட்லி பானை இருக்கிற வீட்டுக்கு அது தண்டச் செலவு.

மைக்ரோவேவ்ல பண்றவங்க ஜாக்கிரதை. ஒரு கப்புல அரை கப் தண்ணி ஊத்தி முட்டைய உடைச்சு, அது முழுசா முங்கியிருக்கணும், மஞ்சக்கருவ ஊசியால ஒரு குத்து குத்தி, மேல ஒரு தட்டு போட்டு மூடி, 40 செகண்ட் வச்சு பாத்துட்டு அப்பறம் பத்து பத்து செகண்டா கூட்டுங்க. குத்தாம வச்சா உள்ள ஆவி கட்டி வெடிக்கும், வெளிய எடுத்து ஸ்பூன் வைக்கிறப்ப மூஞ்சில வெடிச்சா கண்ணுக்கு ஆபத்து. ஹாஸ்டல் பசங்களுக்கு ஓகே, அடுப்பு இருக்கிறவங்களுக்கு தேவையில்ல.

கிளிங் ஃபிலிம் ஷீட்ல முட்டைய மூட்டை கட்டி தண்ணியில போடற முறையும் இருக்கு. வடிவம் கச்சிதமா வரும். எனக்கு சுடுதண்ணியில பிளாஸ்டிக்க போட்டு அதுல வெந்தத திங்கறதுக்கு மனசு வரல, அதனால அத பத்தி இங்க விவரமா எழுதல.

குழம்பு

இப்ப மேல சொன்னதெல்லாம் மனசுல வச்சுக்கிட்டு முட்டை உடைச்சு ஊத்தின குழம்ப பாருங்க. குழம்புல புளி இருக்கு, தக்காளி இருக்கு, அது வினிகரோட வேலைய பாத்துக்குது. தேங்கா அரைச்சு விட்டதால குழம்பு கெட்டியா இருக்கு, தண்ணி அளவுக்கு ஆடாது, முட்டை பரவாம ஏந்திக்குது. சிம்ல வச்சு மூடித்தான் வேக வைக்கிறோம். கலைஞ்சு போன வெள்ளையும் வீணாகாது, குழம்புலயே கலந்து இன்னும் ருசி கூடும். போச்டு எக்குக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் அந்த சட்டிக்குள்ளயே இருக்கு.

நாலு முட்டைக்கு, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி ரொம்ப, ரெண்டு தக்காளி, ஏழெட்டு பல் பூண்டு, நெல்லிக்கா அளவு புளி. நல்லெண்ணெயில சோம்பு வெந்தயம் கறிவேப்பிலை தாளிச்சு வெங்காயம் பூண்டு வதக்கி, தக்காளி கரையிற வரைக்கும் வதக்கி, மல்லித்தூள் ரெண்டு ஸ்பூன், மிளகாத்தூள் ஒரு ஸ்பூன், மஞ்சத்தூள், உப்பு, புளித்தண்ணி ஊத்தி பச்ச வாசனை போக கொதிக்க விடுங்க. கால் மூடி தேங்கா, அரை ஸ்பூன் சோம்பு, ஒரு ஸ்பூன் கசகசா நைசா அரைச்சு ஊத்தி இன்னும் அஞ்சு நிமிஷம். எண்ணெய் ஓரத்துல பிரிஞ்சு வரணும், ஆனா குழம்பு ரொம்ப கெட்டியாயிடக் கூடாது, கரண்டில எடுத்து சாய்ச்சா தடையில்லாம ஒழுகணும், கெட்டியா இருந்தா முட்டை மேலயே மெதந்து மேல்பக்கம் வேகாது.

அடுப்ப சிம்ல வைங்க, கொதி அடங்கட்டும். கரண்டியோட முதுகால குழம்ப லேசா ஒதுக்குனா ஒரு பள்ளம் விழும், அது மூடறதுக்குள்ள டவராவ அங்க சாய்ச்சு முட்டைய விடுங்க. மொதல்ல மஞ்சக்கரு முங்கி காணாம போகும், ரெண்டு செகண்ட்ல செவப்பு குழம்புக்கு நடுவுல மஞ்சளா மேல எட்டி பாக்கும், அத சுத்தி வெள்ளை ஓரம் கட்டி ஆரஞ்சு நெறத்துல இறுக ஆரம்பிக்கும். ஒண்ண விட்ட எடத்துலேருந்து நாலு வெரல் தள்ளி அடுத்தது. நாலும் விட்டப்பறம் கரண்டிய கழுவி வச்சுடுங்க, அது கையில இருந்தா கிண்டத்தான் தோணும். அடி புடிக்குமோன்னு பயமா இருந்தா சட்டிய ரெண்டு பக்கமும் துணியால புடிச்சு ஒரு அசைவு குடுங்க, போதும். மூடி போட்டு அஞ்சு நிமிஷத்துல மஞ்சள் ஒழுகும், எட்டு நிமிஷத்துல நல்லா கெட்டியாயிடும்.

மண்சட்டில வச்சா ஒரு நிமிஷம் முன்னாடியே அணைச்சுடுங்க. அடுப்ப அணைச்சப்பறமும் மண்சட்டி சூட்ட விடாது, மூடி போட்டு வச்சா உள்ள வெந்துக்கிட்டே இருக்கும், பரிமாறுறப்ப பாத்தா ஒழுகுற மஞ்சள் மாவா ஆயிருக்கும்.

கும்பகோணம் கடப்பா வைக்கிற வீட்ல அதுலயும் இதே வேலைய பண்ணலாம். பாசிப்பருப்பு உருளைக்கெழங்கு தேங்கா சோம்பு போட்ட கடப்பால கடைசில முட்டைய உடைச்சு விட்டு மூடுனா காரம் இல்லாம மெத்துனு வேகும், இட்லிக்கு அப்படி சேரும். கடப்பா சைவம்தானே அதுல போய் முட்டையான்னு பெரியவங்க மொறைப்பாங்க, அவங்களுக்கு தனியா எடுத்து வச்சுட்டு மிச்சத்துல பண்ணுங்க. கடப்பால புளி கெடையாது, கடைசில பிழியற எலுமிச்சைய முட்டை விடறதுக்கு முன்னாடியே கொஞ்சம் பிழிஞ்சுட்டா வெள்ளை சீக்கிரம் கூடும். ரசத்துல உடைச்சு ஊத்துறவங்களும் இருக்காங்க, ரசம் ரொம்ப தண்ணி, நுரை கட்டி ரசம் கலங்கி போயிடும், அதுக்கு தண்ணியிலயே தனியா பண்ணி ரசம் சாதத்து மேல வச்சு மிளகுத்தூள் தூவிக்கலாம், மஞ்சள் ஒடைஞ்சு சாதத்துல எறங்கறப்ப நெய்யே வேணாம்.

எதோட சாப்பிடறதுன்னா வெளிநாட்ல ரொட்டிய டோஸ்ட் பண்ணி மேல வைப்பாங்க, எக்ஸ் பெனடிக்ட்னு வெண்ணெயும் முட்டை மஞ்சளும் சேத்து அடிச்ச ஹாலண்டேஸ் சாஸ் ஊத்தி குடுக்கிறது பெரிய ஓட்டல்ல கெடைக்கும். துருக்கில பூண்டு தட்டி போட்ட தயிர் மேல போச்டு எக் வச்சு, மிளகா காய்ச்சுன வெண்ணெய ஊத்துவாங்க, சில்பிர்னு பேரு, நம்ம கெட்டித் தயிருக்கு அது ரொம்ப நல்லா வரும், சாதம் கூட வேணாம். எனக்கு புடிச்சது அரிசி உப்புமா மேல, இல்லன்னா சுட சுட இட்லிய உதுத்து பொடி நல்லெண்ணெய் போட்டு பெசறி அது மேல.

முன்னாடியே பண்ணி வைக்கணும்னா

விருந்தாளி வர்றாங்க, பத்து முட்டை வேணும்னா காலைலயே பண்ணி வச்சுக்கலாம், ஓட்டல்ல அப்படித்தான் பண்றாங்க. மூணு நிமிஷத்துல எடுத்து உடனே ஐஸ் தண்ணியில போட்டுடுங்க, வேகறது அங்கயே நின்னுடும். ஆறுனதும் பச்சத்தண்ணி ஊத்துன டப்பால முங்கற மாதிரி போட்டு ஃப்ரிட்ஜுல வச்சா ரெண்டு நாள் வரைக்கும் இருக்கும். பரிமாறுறப்ப கொதிக்காத சுடுதண்ணியில ஒரு நிமிஷம் போட்டு எடுத்தா அப்ப பண்ணது கணக்கா இருக்கும். வெளிய மேடை மேல வச்சுட்டு மதியம் சாப்பிடலாம்னு நெனைக்காதீங்க, நம்ம ஊரு வெயிலுக்கு அது ஆவாது, கரண்ட் போயி ஃப்ரிட்ஜு ரொம்ப நேரம் நின்னு போனா அந்த முட்டைய நம்பாதீங்க.

கடைசியா பாத்திரம். முட்டை பட்ட வடிகட்டி, டவரா, ஜல்லிக்கரண்டி எதையும் சுடுதண்ணியில கழுவாதீங்க, வெள்ளைக்கரு வலைலயே வெந்து இறுகி ஒட்டிக்கும், அப்பறம் பிரஷ் போட்டாலும் போகாது. உடனே பச்சத்தண்ணியில அலசிட்டு, குழம்புக்கு கரைச்ச புளிச்சக்கை இருந்தா அத வச்சு ஒரு தேய் தேய்ச்சு அப்பறம் சோப்பு போடுங்க, கவுச்சி நிக்காது.